காலிக் கட்டம்

கம்பத்தில் கரண்ட் போய் வந்த ராத்திரி
பதினோராயிரத்துச் சொச்சம் வரிகளை
ஒரே தேடலுக்குள் கொண்டுவர உட்கார்ந்தேன்.
ஏலத்தோட்டத் தொழிலாளர் சங்கம், மாடி அறை.
கீழே பரோட்டாக் கடை,
கொத்துகிற சத்தம் விசைப்பலகை வரை.

பெயர், அப்பா அல்லது புருஷன், ஊர்,
எஸ்டேட், ஜீப், குறிப்பு.
ஆறு கட்டம்.
பெயரில் தேடினால் பெயரில் மட்டும்,
ஊரில் தேடினால் ஊரில் மட்டும்.
வண்டன்மேட்டுக் கணக்கர் ஜோமோன்
எதை எந்தக் கட்டத்தில் போடுவார் என்பது
அந்தோணியாருக்கே வெளிச்சம்.
ஊர் கேட்ட இடத்தில் "கம்பம்மெட்டு வழி",
பெயர் கேட்ட இடத்தில் "பழைய ஆளின் மருமகள்",
சில சமயம் குறிப்பில்தான் பெயர்.
மலையாளத்தில் இருந்ததைத் தமிழுக்கு மாற்றியவன்
பாதியில் வேலையை விட்டுப் போக,
பேச்சியம்மாள் பேச்சி அம்மா ஆகி
பேச்சிம்மா என்றும் ஒரு வரியில் நிற்கிறாள்.

எல்லாக் கட்டத்தையும் ஒன்றாய் ஒட்டினேன்.
சொல் சொல்லாய் உதிர்த்து அட்டவணை இட்டேன்,
ஸ்டோரில் காய் சலிக்கிற மாதிரி:
பெயரில் கிடைத்தால் எட்டு மில்லி,
ஊரில் கிடைத்தால் ஏழு,
குறிப்பில் கிடைத்தால் அடிச்சல்லடை.
"என்பவர்", "மற்றும்", "ஆகும்",
எல்லா வரியிலும் இருந்து
எதையும் காட்டிக்கொடுக்காத சொற்கள்.
தூசி என்று ஊதிவிட்டேன்.

விருமாயி அக்கா மூன்றாம் முறையாக வந்திருந்தார்.
மஞ்சப்பையில் ரேசன் கார்டு,
லேமினேட் செய்த ஒரு கூலிச்சீட்டு.
ஆறு வருசத்து வைப்பு நிதி.
'விருமாயி' என்று தட்டினேன்.
முடிவுகள் இல்லை.
'கருநாக்கமுத்தன்பட்டி' என்று தட்டினேன்.
நூற்று நாற்பது பேர் வந்தார்கள், அவர் வரவில்லை.
"நான் அந்த ஜீப்புல ஏறலையா தம்பி?"
அவருக்கே சந்தேகம் வந்துவிட்ட குரல்.

அன்றிரவு எண்ணிப் பார்த்தேன்.
அட்டவணையில் நானூற்றுப் பதினாறு வரி குறைச்சல்.
ஒவ்வொன்றாய்ப் பழைய முறையில் திறந்தேன்.
பெயரோ பெயர் மாதிரி ஒன்றோ இருந்தது,
ஊர் இருந்தது, எஸ்டேட் இருந்தது,
விடிகாலை நாலரைக்கு எந்த ஜீப் என்பதும் இருந்தது.
இரண்டாம் கட்டம் மட்டும் காலி.
அப்பா அல்லது புருஷன்.

கணினியின் கணக்கு அப்படி.
தெரியாத ஒன்றோடு
தெரிந்த எதை ஒட்டினாலும்
மொத்தமும் தெரியாததாகிவிடும்.
பிழை என்று கத்தாது.
ஆறில் ஐந்தை நிரப்பியவளைச்
சத்தமில்லாமல் இறக்கிவிட்டு
மேடேறிப் போய்விடும்.
ஒட்டியது நான்.
ஜோமோனை இதில் இழுக்க வழியில்லை.

திருத்தம் அரை வரி.
காலி என்றால் அந்த இடத்தில்
எழுத்தே இல்லாத ஒரு சொல்லை வை.
ஒன்றுமில்லை வேறு, தெரியாது வேறு.
அது மண்டையில் ஏறப்
பரோட்டாக் கல் ஆறும்வரை ஆயிற்று.

மறுநாள் ஏழாவது முடிவாக,
அடிச்சல்லடையில் தங்கியிருந்தார்.
பெயர்க் கட்டத்தில் 'பிரம்மாயி'.
குறிப்பில்:
"விருமாயி என்பவர் மூட்டையோடு வழுக்கி விழுந்தார்.
அரை நாள் கூலி."
வாசித்துக் காட்டினேன்.
எண்ணை உள்ளங்கையில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு
படியிறங்கியவர் திரும்பி,
"மத்த அரை நாள் எந்தக் கட்டத்துல இருக்கு?" என்றார்.

தேடினேன். எதில் தேட என்று தெரியவில்லை.

மீதி நானூற்றுப் பதினைந்து பேருக்குச் சொல்லி அனுப்ப
ஃபோன் நம்பர் இல்லை, யாரும் வாங்கி வைக்கவில்லை.
பட்டியலை அச்செடுத்திருக்கிறேன்.
நாளை நாலரைக்கு ஜீப் நிற்கிற இடத்தில் போய்
உரக்கப் படிக்க வேண்டும்,
ஒவ்வொரு பெயரையும்
ஜோமோன் எழுதிய மாதிரி ஒரு தடவை,
அவர்கள் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை.